நல்லதண்ணியில் இராத்தங்கும் வேன்கள்

டிசம்பர் மாதத்து உந்துவப் போயா தினத்தில் ஆரம்பமாகி மே மாதத்து வெசாக் போயாவோடு நிறைவெய்தும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை வந்தடையும் வேன்கள் ஓரிரவுக்கு வீடாகவே மாறிவிடுகின்றன. 2,243 மீற்றர் உயரமுள்ள சிகரத்திலே சூரியோதயம் காணவேண்டி இளையவர்கள் நள்ளிரவில் படியேறப் புறப்பட, முழங்கால் நோவுள்ள பாட்டியும் கைக்குழந்தைக்காரியும் வேனுக்குள்ளேயே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். உள்விளக்கு எரிகிறது, பக்திப் பாடல் மெல்ல ஒலிக்கிறது, நாலைந்து கைப்பேசிகள் சார்ஜ் ஏறுகின்றன. மேனாடுகளில் படுக்கையும் அடுப்பும் பொருத்தி மோட்டர் ஹோம் என்று விற்கப்படும் வாகனம் செய்கிற காரியத்தையே நம்முடைய டொல்பின் வேனும் செய்கிறது. அந்தக் காரியத்துக்காக அது நிர்மாணிக்கப்படவில்லை என்பது விடிந்தபின் சாவியைத் திருப்பும்போதுதான் தெரியவருகிறது.

1912ஆம் ஆண்டில் கடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் புகுந்த நாள் முதல், வாகனப் பற்றரியின் பிரதான தொழில், சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் மின்சாரத்தை ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு, ஓடும் எஞ்சினிடமிருந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதேயாம். மெல்லிய ஈயத்தகடுகளால் ஆன இத்தகைய பற்றரி, இரவு முழுவதும் சிறுகச் சிறுக வடிவதைத் தாங்காது. 60 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள பற்றரியிலிருந்து விளக்கும் பாட்டுமாக மணிக்கு மூன்று அம்பியர்-மணி போனாலும் எட்டு மணி நேரத்தில் 24 போய்விடுகிறது. பழைய பற்றரியானால் எஞ்சியது போதாது. அத்துடன் மலைக்குளிர் பற்றரியின் இரசாயன வினையை மந்தப்படுத்தி, எஞ்சின் ஒயிலையும் இறுகச் செய்கிறது. டீசல் எஞ்சினுக்கு ஹீட்டர் பிளக்குகள் வேறு மின்சாரம் கேட்கின்றன. மோட்டர் ஹோம்களில் எஞ்சினுக்கு ஒன்று, வீட்டுத் தேவைக்குத் தடித்த தகடுள்ள மற்றொன்று என இரண்டு பற்றரிகள் வைத்து, எஞ்சின் நிற்கும்போது இரண்டையும் ஒரு ரிலே பிரித்துவிடுகிறது. அடிக்கடி யாத்திரை போகும் வேன்காரர்கள் பாட்டுப் பெட்டிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை இந்த ஏற்பாட்டுக்குக் கொடுப்பது உத்தமம்.

பற்றரி இறங்கிய வேனின் சாரதி முதலில் தேடுவது பக்கத்தில் நிற்கும் பஸ்ஸை.

“தம்பி, ஒரு ஜம்பர் வயர் குடுப்பீங்களா?”

“அண்ணே, இது இருபத்துநாலு வோல்ட். உங்க வண்டியில குடுத்தா எல்லாம் எரிஞ்சிரும். அந்தப் பக்கம் நிக்கிற வேன்காரரக் கேளுங்க.”

இந்தப் பதில் பொன்னானது. பெரிய பஸ்களிலும் லொறிகளிலும் இரண்டு பன்னிரண்டு வோல்ட் பற்றரிகள் தொடராக இணைந்திருப்பதால், அந்த மின்னழுத்தம் வேனின் மின்னணு உறுப்புகளை நாசமாக்கிவிடும்.

உதவ வேறொரு வேன் கிடைத்தபின்னும் தாமதம் நேர்வது பற்றரி இருக்கும் இடத்தினால். அநேக வேன்களில் அது ஆசனத்தின் கீழோ தரைமூடியின் கீழோ ஒளிந்திருக்க, அதன்மேல் பைகளும் பாய்களும் ஏறி, உறங்குகிற பாட்டியை எழுப்பினாலொழிய மூடியைத் திறக்க இயலாத நிலை உண்டாகிறது. சில வாகனங்களில் இதற்காகவே எஞ்சின் பக்கத்தில் தனியான பொசிட்டிவ் முனை வைத்திருப்பார்கள். அது எங்கே என்பதை வீட்டு வாசலில் நிற்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். மூடியைத் திறந்ததும் கதவுகளையும் திறந்துவிடுதல் அவசியம், ஏனெனில் பற்றரி வெளியிடும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது.

சிவப்பு வயரை இறங்கிய பற்றரியின் பொசிட்டிவிலும், பிறகு நல்ல பற்றரியின் பொசிட்டிவிலும் மாட்டி, கறுப்பு வயரை நல்லதன் நெகட்டிவில் பொருத்தி, அதன் மறுமுனையைப் பற்றரிக்கு எட்டத்தில், இறங்கிய வண்டியின் பெயின்ற் இல்லாத எஞ்சின் இரும்பில் கவ்வச் செய்வதே முறை. கடைசி இணைப்பில் பொறி பறப்பது சகஜமாதலால் அது வாயுவுக்கு அருகே நிகழக்கூடாது. உதவும் வண்டியைச் சில நிமிஷங்கள் ஓடவிட்ட பின்னரே சாவியைத் திருப்ப வேண்டும். கழற்றும்போது இதே வரிசை தலைகீழாகும்.

சரிவு இருக்கிறதே என்று தள்ளி ஸ்டார்ட் செய்ய முனைபவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஓட்டோமற்றிக் வண்டி அதற்கு இணங்கவே இணங்காது. கியர் வண்டியோ, எஞ்சின் பிடிக்காமற் போனால், பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசையும் பவர் ஸ்டியரிங்கும் இன்றி, ஆட்கள் நடமாடும் பாதையில் கனத்த பாரமாய் இறங்கத் தொடங்கிவிடும்.

டயர் விஷயத்திலும் அசிரத்தை இதே விதமானதுதான். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025இலேதான் மறுபடி அநுமதிக்கப்பட்டமையால், பழைய வேன்களே நெடுங்காலம் மலையேறி வந்திருக்கின்றன. அவற்றுக்கு டயர் மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: வேனுக்குரிய டயரின் பக்கச்சுவரில் 104/102 போன்ற எண் இருக்கும். தனியாகப் பூட்டினால் ஒரு டயர் 900 கிலோகிராமும், இரட்டையாகப் பூட்டினால் ஒவ்வொன்றும் 850 கிலோகிராமும் சுமக்கும் என்பது அதன் பொருள். அளவு ஒத்துவருகிறது, விலையும் சகாயம் என்று காருக்குரிய டயரைப் பூட்டிவிட்டு, பதினைந்து பேரையும் சமையற் பாத்திரங்களையும் ஏற்றினால், அதன் சுவர்கள் வளைந்து வளைந்து சூடேறுகின்றன. காற்றுக் குறைந்திருந்தால் சூடு இன்னும் அதிகம். மலைப்பாதைக்கென்று பெரிய கட்டைகள் கொண்ட சேற்று டயரை வாங்குவோரும் உண்டு. காபட் போட்ட வீதியில், மழை ஈரத்தில், சாதாரண வீதி டயரே அதைவிட நன்றாகப் பிடிக்கும்.

பட்டன் எவ்வளவு ஆழமாயிருந்தாலும் இரப்பருக்கு வயது உண்டு. பக்கச்சுவரின் சிறு நீள்வட்டத்துள் 2318 என்றிருந்தால், 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டதென்று அறிய வேண்டும்; ஆறு வருஷத்தைத் தாண்டியதை ஆண்டுதோறும் பரிசோதிப்பதும், பத்து வருஷமானதை எவ்வளவு புதிதாகத் தோன்றினும் கழற்றிவிடுவதும் தகும். வண்டியின் அடியிலே தொங்கும் ஸ்பெயார் டயர்தான் பெரும்பாலும் எல்லாவற்றிலும் மூத்தது. புறப்படுவதற்கு முந்தின நாளே அதை இறக்கி, அந்த நான்கு எண்களைத் துடைத்துப் பார்த்து, காற்றையும் அளந்துவிட வேண்டும்.