‘வேணுமா?’ என்று கேட்கும் வாளி

கணினி அறையிலிருந்து – 14

“அண்ணா, ஒரே ஒரு தடவை வந்து அட்மின் பாஸ்வேர்டு தட்டிட்டுப் போங்களேன்.”

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். கேட்பவர் ஒருநாள் வடிவமைப்புப் பிரிவில் இருப்பார், இன்னொரு நாள் கணக்குப் பிரிவில். வீடியோவைச் சுருக்கும் கருவி ஒன்றோ, எழுத்துருக்களை அடுக்கிவைக்கும் செயலி ஒன்றோ அவருக்கு வேண்டும். அரை நிமிட வேலை. நான் மூன்றாவது மாடியில், அவர் ஏழாவதில். நான் போய்ச் சேர்வதற்குள் சாப்பாட்டு மணி ஆகிவிடும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் அப்புறம் அவர் என்னைக் கூப்பிட மாட்டார். வேறு வழி பார்த்துக்கொள்வார்.

அந்த வேறு வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2015இல் சீனாவில் பார்த்தோம். ஐபோன் செயலி எழுத ஆப்பிளின் எக்ஸ்கோடு வேண்டும். பல ஜிபி கனம். ஆப்பிளின் சர்வரிலிருந்து அங்கே அது நத்தைபோல இறங்கியது. பைடுவின் கோப்புப் பகிர்வில் யாரோ ஏற்றிவைத்திருந்த பிரதியோ சட்டென்று இறங்கியது. அதற்குள் ஒரு திருட்டு நிரல் உட்கார்ந்திருந்தது. அந்த எக்ஸ்கோடில் தயாரான செயலிகளும் அதைச் சுமந்துகொண்டே ஆப் ஸ்டோருக்குள் போயின, வீசாட்டின் 6.2.5 பதிப்பு உட்பட. எக்ஸ்கோடுகோஸ்ட் என்று பெயரிட்டார்கள். அதை இறக்கியவர்கள் யாரும் விதியை மீற வேண்டும் என்று கிளம்பியவர்கள் இல்லை. நேரான வழி மெதுவாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே நேரான வழியை வேகமாக்குவதுதான் என் வேலை. எங்கள் மேக் கணினிகளுக்கு மங்கி என்ற இலவசக் கருவியை வைத்திருக்கிறோம். பொம்மைப் படங்களுக்குப் பேர்போன வால்ட் டிஸ்னி அனிமேஷன் ஸ்டுடியோஸில் கிரெக் நீகிள் என்பவர் உருவாக்கி, மூல நிரலோடு எல்லோருக்கும் திறந்துவிட்டது. பெரிய சர்வரெல்லாம் வேண்டாம், சாதாரண வெப் சர்வர் போதும். எந்தக் கணினிக்கு என்ன என்பதை மேனிஃபெஸ்ட் என்னும் எழுத்துக் கோப்பில் எழுதிவைத்தால் ஆயிற்று.

அந்தக் கோப்பு ஒரு பந்தி. உப்பு, ஊறுகாய், சாதம் எல்லாம் கேட்காமலே இலையில் விழும். பிரவுசர், வைரஸ் தடுப்பு, விபிஎன் போன்றவை அந்த ரகம். ‘மேனேஜ்டு இன்ஸ்டால்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் எழுதுவோம். அப்புறம் ஒருவர் வாளியோடு வந்து “வேணுமா?” என்று குனிந்து கேட்பார் அல்லவா, அதுதான் ‘ஆப்ஷனல் இன்ஸ்டால்ஸ்’. ஊழியரின் திரையில் மேனேஜ்டு சாஃப்ட்வேர் சென்டர் என்ற சிறிய கடைபோலத் தெரியும். விண்டோஸ் பக்கம் இன்டியூன் என்ற கருவியில் இதே பிரிவினை ‘ரிக்வயர்டு’, ‘அவைலபிள்’ என்ற பெயர்களில் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த சூட்சுமம், ஊழியர் இன்ஸ்டால் பொத்தானை அழுத்தும்போது அவர் எதையும் நிறுவுவதில்லை என்பது. தனக்கு இது வேண்டும் என்று அந்தக் கணினியிலேயே உள்ள ஒரு கோப்பில் எழுதிவைக்கிறார். முழு அதிகாரத்தோடு பின்னணியில் ஓடும் கருவி அதைப் படித்து, நான் அனுமதித்த பட்டியலில் அது இருந்தால் மட்டும் நிறுவுகிறது. பாஸ்வேர்டு என்னைவிட்டு எங்கும் போகவில்லை. புதுப் பதிப்பு வந்தால் அதுவும் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும்.

ஆரம்பத்தில் உற்சாகத்தில் கண்டதையெல்லாம் வாளியில் அள்ளிப் போட்டேன். பிடிஎஃப் படிக்க மட்டும் நான்கு செயலிகள். எதை எடுப்பது என்று தெரியாமல் மறுபடியும் என்னையே கூப்பிட்டார்கள். இப்போது ஒரு வேலைக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு.

குறைக்கும்போது வேறொரு பாடம் கிடைத்தது. பட்டியலில் ஒரு பெயரை அழித்தால் ஏற்கெனவே நிறுவியவரின் கணினியிலிருந்து அது போய்விடாது. கடையில்தான் மறையும். கணினியில் அப்படியே கிடக்கும், இனிமேல் புதுப்பிக்கவும் படாது. ஓட்டையோடு பழசாகிக்கொண்டிருக்கும். உண்மையில் எடுக்க வேண்டுமானால் ‘மேனேஜ்டு அன்இன்ஸ்டால்ஸ்’ பட்டியலுக்கு அதை மாற்ற வேண்டும். அழித்த பெயர்கள் இன்னும் உயிரோடு இருப்பதைப் பல மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

அடுத்த தலைவலி லைசென்ஸ். காசு கொடுத்து வாங்கியவை சுலபம்: இத்தனை இருக்கை என்று எண்ணிக்கையை வைத்து, தீர்ந்தால் பொத்தானைப் பூட்டிவிடலாம். தொல்லை தருபவை நேற்றுவரை இலவசமாக இருந்தவை. டாக்கர் டெஸ்க்டாப் என்ற நிரலாளர் கருவியைப் பலரும் ‘சும்மா கிடைப்பது’ என்றுதான் கடையில் வைத்திருந்தார்கள். 250 ஊழியருக்கு மேலோ ஆண்டு வருமானம் 1 கோடி டாலருக்கு மேலோ இருந்தால் சந்தா கட்ட வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் டாக்கர் நிறுவனம் அறிவித்தது. ஆரக்கிளின் ஜாவா இன்னும் ஒரு படி மேலே. 2023 ஜனவரியில் வந்த சந்தா முறையில் எத்தனை பேர் ஜாவாவைப் பயன்படுத்துகிறார்கள் என்பது கணக்கே இல்லை. நிறுவனத்தில் மொத்தம் எத்தனை ஊழியர் என்பதுதான் கணக்கு. யாரோ நாலு பேர் விரும்பி எடுத்ததற்குக் காவலாளி, வரவேற்பாளர் தலையையும் எண்ண வேண்டி வரலாம். ஜாவாவில் எங்கள் கடையில் இருப்பது இலவசமான ஓபன்ஜேடிகே மட்டும்.

இருக்கைகளை மீட்க மங்கியில் ஒரு வசதி உண்டு. குறிப்பிட்ட நாட்களுக்குத் திறக்கப்படாத செயலியை அது தானே நீக்கிவிடும். எத்தனை நாள் என்பதை நாம் சொல்ல வேண்டும். நான் 90 என்று எழுதினேன். பெருமையாகவும் இருந்தது.

மார்ச் கடைசியில் கணக்குப் பிரிவின் மூத்தவர் போன் செய்தார். நிதியாண்டு இறுதியில் மட்டும் அவர் திறக்கும் ஒரு கருவி காணாமல் போயிருந்தது. “தம்பி, எங்கிட்ட கேட்காம என் மேசையில கை வைப்பீங்களா?”

கருவி கடையில்தான் இருந்தது, ஒரு தடவை அழுத்தினால் திரும்ப வந்துவிடும். அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஏழாவது மாடிக்கு நடந்தே போனேன்.