ஒரே வாரத்தில் மாறிய பிள்ளை

என் எட்டு வயது மகனுக்கு இது எப்போது தொடங்கியது என்று எந்த மருத்துவர் கேட்டாலும் என்னால் நாள் சொல்ல முடியும். கடந்த தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை. திங்கள் இரவு தம்பியோடு சண்டை போட்டு, சிரித்து, வழக்கம்போல் தூங்கிய பிள்ளை. மறுநாள் காலையில் பள்ளிச் சட்டையின் பொத்தான்களைப் போடுவதும் அவிழ்ப்பதுமாக நின்றான். மாலையில் சோற்றைத் தொடவில்லை. "இதுல ஏதோ இருக்கும்மா" என்று அழுதான். அந்த வார இறுதிக்குள் ஓயாமல் கை கழுவினான், கண்ணைச் சிமிட்டினான். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பி வந்தது. வகுப்பாசிரியை வாட்சாப்பில் அனுப்பிய கணிதப் பயிற்சியைப் பார்த்தேன். பாலர் பள்ளிப் பிள்ளை எழுதியதுபோல் எண்கள் கோணலாகக் கிடந்தன.

மாமியார் திருஷ்டி என்றார். சுற்றிப் போட்டோம், அதில் கெடுதல் ஒன்றுமில்லை. முதலில் பார்த்த மருத்துவர் பரீட்சை பயம், கைத்தொலைபேசியைக் குறையுங்கள் என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது மருத்துவர்தான், "அதற்கு முன் காய்ச்சல், தொண்டை வலி ஏதும் வந்ததா?" என்று கேட்டார். வந்தது. மூன்று வாரம் முன்பு, இரண்டு நாள் எம்.சி. எடுத்தோம்.

அவர் சொன்ன பெயர் பாண்டாஸ். அமெரிக்க தேசிய மனநலக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சூசன் ஸ்வீடோவும் அவருடைய குழுவினரும் 1998-இல் 50 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் விவரித்த நிலை இது. தொண்டையைத் தாக்கும் 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள், ஆள்மாறாட்டத்தில் மூளையின் ஒரு பகுதியையே தாக்குகின்றன என்பது கருத்து. முற்றிலும் புதுமையான கருத்தும் அல்ல. அதே கிருமிக்குப் பின் ருமாட்டிக் காய்ச்சலும், கை கால் தானாக ஆடும் சிடன்ஹாம் நோயும் வருவதை மருத்துவ உலகம் வெகுகாலமாக அறியும். 2012-இல் இந்த வரையறையை விரித்து, எந்தக் கிருமி என்று கட்டாயப்படுத்தாமல், பான்ஸ் என்று இன்னொரு பெயரும் வைத்தார்கள். அதில் முக்கிய அடையாளமே, ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சியோ உணவு மறுப்போ திடீரென வெடிப்பதுதான். வழக்கமான ஓசிடி பெரும்பாலும் மெல்ல மெல்ல வளரும். நாள் சொல்ல முடிந்த எனக்கு அந்த வரி தூக்கிப்போட்டது.

அப்படியானால் பதில் கிடைத்துவிட்டதா? இல்லை. தொண்டையில் பஞ்சு வைத்துச் சோதித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஏ.எஸ்.ஓ. அளவு கூடியிருந்தது. ஆனால் ஒரே ஒரு முறை கூடிய எண், கிருமி எப்போதோ வந்துபோனதைத்தான் காட்டும். மூளையில் நடப்பதைச் சொல்லாது. பள்ளிப் பிள்ளைகள் பலர் எந்த நோயும் இல்லாமலே அந்தக் கிருமியைத் தொண்டையில் சுமக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2024 இறுதியில் வெளியிட்ட அறிக்கையும் அப்படித்தான்: இப்படி ஒரு நிலை இருக்கக்கூடும், ஆனால் உறுதிப்படுத்தும் பரிசோதனை எதுவும் இன்னும் இல்லை.

இந்த இடைவெளியில்தான் பெற்றோர் சிக்கிக்கொள்கிறோம். ஒரு பக்கம், "அப்படி ஒரு நோயே கிடையாது" என்று கோப்பை மூடுகிறவர்கள். மறுபக்கம், வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு ரத்தம் அனுப்பலாம், பல ஆயிரம் வெள்ளியில் நோய் எதிர்ப்புப் புரதத்தை நரம்பு வழியே ஏற்றலாம் என்று உடனே தேதி கேட்கிறவர்கள். அந்தச் சிகிச்சையை 35 பிள்ளைகளிடம் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில், வெற்று மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அதைப் படித்த பிறகு எங்கள் சேமிப்பில் கைவைக்கவில்லை.

இப்போது பார்க்கும் குழந்தை நரம்பியல் நிபுணர் பெயரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. முதலில் ஆபத்தானவற்றை விலக்கினார். வலிப்பு, பேச்சு நின்றுபோதல், ஆளைத் தெரியாத குழப்பம் இருந்தால் அது மூளையழற்சியாக இருக்கலாம், நேரே அவசரப் பிரிவுக்கு வாருங்கள் என்றார். சாப்பாட்டோடு தண்ணீரையும் மறுத்தாலும் காத்திருக்கக் கூடாதாம். இதயத்தையும் ஸ்கேன் செய்து பார்த்தார், நன்றாக இருந்தது. தொண்டையில் கிருமி இருந்ததால் பத்து நாள் ஆண்டிபயாடிக் தந்தார். ஓசிடிக்கு ஓசிடிக்குரிய சிகிச்சைதான், காரணம் தெரியும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை என்று மனநல நிபுணரிடம் அனுப்பினார்.

அங்கே நடப்பது பார்க்கச் சாதாரணம். கதவுக் கைப்பிடியைத் தொட வேண்டும், உடனே கழுவக் கூடாது. முதல் வாரம் இருபது வினாடி. பிறகு ஒரு நிமிடம். இப்போது கால் மணி நேரம். "சோறு சுத்தமாம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் ஒருமுறைதான் பதில். அழும் பிள்ளைக்கு இரண்டாவது பதிலைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்காருவது எவ்வளவு கடினம் என்று எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

என் கையில் இப்போது ஒரு குறிப்பேடு இருக்கிறது. தேதி, காய்ச்சல், தூக்கம், எடை, கண் சிமிட்டல், பள்ளியில் என்ன நடந்தது. மாதம் ஒரு கையெழுத்துத் தாளும் ஒட்டிவைக்கிறேன். மருத்துவர் என் விளக்கத்தைவிட அதைத்தான் நெடுநேரம் பார்க்கிறார். ஜனவரியில் சளி பிடித்தபோது சிமிட்டல் ஐந்து நாள் கூடியது. அந்தப் பக்கத்தை அவர் படம் எடுத்துக்கொண்டார். கோப்பில் நோயின் பெயருக்கு நேரே இன்னும் கேள்விக்குறிதான்.

அடுத்த சந்திப்பு ஜூனில். அதற்குள் தம்பிக்கு நேற்றிலிருந்து தொண்டை வலி. நாளைக் காலை கிளினிக்கில் இருவருக்கும் பஞ்சுப் பரிசோதனை கேட்கப் போகிறேன்.