முதியோருக்கு உபாத்தியாயர் யார்?

உபாத்தியாயர் தொழிலை நாடும் வாலிபர்கள் உயர்தரப் பள்ளிப் பிள்ளைகளை மனத்திற் கொண்டே பி.எட். வகுப்பிற் சேருகின்றனர். 2015-ல் அப்படிப்பை இரண்டு வருஷமாக்கியபோது, 20 வாரம் பள்ளியிலேயே பழக வேண்டுமென்று விதித்தனர். நியாயமே, 14 வயதுப் பிள்ளையின் மனத்தை அறிதல் எளிதன்று.

ஆனால் பகலெல்லாம் உழைத்துவிட்டு, 40 வயதில் எழுத்தறிய வரும் கூலிக்காரருக்குப் போதிப்பவருக்கு நாம் அளிக்கும் பயிற்சி என்ன? 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தொண்டர்களை நம்பியே வகுக்கப்பட்டது. தொண்டைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. 1991-ல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளித் தொண்டர்கள் செய்ததை நாடறியும். அங்கே ஸ்திரீகள் அரிச்சுவடியோடு நில்லாமல் சைக்கிள் விடவும் கற்றார்கள். கல் குவாரிகளில் உழைத்தவர்களும் அவர்களுள் இருந்தனர். வண்டிக்குக் காத்து நின்ற கால்களுக்கு அதைவிட உகந்த பாடம் எது?

வளர்ந்தவரைக் குழந்தையைப்போல் அதட்டினால் மறுநாள் அவர் வரமாட்டார். பிள்ளைக்கோ, பாவம், வராமலிருக்க வழியில்லை! இவ்வித்தியாசத்தைப் பயிற்சிக் கலாசாலைகள் கட்டாயப் பாடமாக்கலாகாதா? அந்த 20 வாரத்தில் 4 வாரத்தை இராப்பள்ளிக்கு ஒதுக்கச் சர்க்கார் தயங்குவதற்குக் காரணம் எதுவும் நமக்குப் புலப்படவில்லை.