மலைப் பள்ளிக்கூடமும் டெலிவிஷனும்

ஆரணிப் பட்டின் பெயரை அறியாத தமிழர் இரார். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இந்நகரமும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்றுக் கிராமங்களும் நெய்தனுப்பும் சேலைகள் தேசமெங்கும் கல்யாண வீடுகளில் பெருமையுடன் உடுத்தப்படுகின்றன. ஆரணிப் பட்டு என்ற பெயருக்கே புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது. பெயருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது நன்றே. அச்சேலையை நெய்வோரின் குழந்தைகளுடைய கல்விக்கும், அவ்வூருக்கு மேற்கே தெரியும் ஜவ்வாது மலைக் குழந்தைகளின் கல்விக்கும் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதையே இன்று நாம் வாசகர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

சில நாட்களுக்கு முன் நாம் ஆரணிக்குச் சென்றிருந்தபோது, ஒரு நெசவாளர் வீட்டில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். குழித்தறியில் ஓர் இளைஞன் அமர்ந்து நெய்துகொண்டிருந்தான். 2020-ஆம் வருஷம் தொற்றுநோயை முன்னிட்டுப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது அவன் எட்டாம் வகுப்பு மாணவன். அவ்வீட்டில் டெலிவிஷன் பெட்டி உண்டு. சர்க்கார் அதில் பாடங்களையும் ஒலிபரப்பினர். "பாடம் வருகிற நேரத்தில் கரண்டு இருக்காது, கரண்டு இருக்கிற நேரத்தில் இவன் வகுப்புப் பாடம் வராது, ஐயா. சும்மா இருக்கிறானே என்று தார் சுற்றச் சொன்னேன். அப்புறம் பள்ளிக்கூடம் திறந்தது, இவன் போகவில்லை" என்றார் தகப்பனார். அவர் குரலில் கோபம் இல்லை. தம்மைத் தாமே குற்றஞ் சாட்டிக்கொள்வது போல்தான் இருந்தது. நமக்கு அது இன்னும் வருத்தத்தைத் தந்தது.

இங்கே சட்டத்தின் நிலை என்ன என்று கவனிப்போம். 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்கிறது. ஆனால் குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் முடிந்த பின்னரோ விடுமுறை நாட்களிலோ குழந்தை உதவி செய்யலாம் என்று ஒரு விலக்கும் அளிக்கிறது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2020 மார்ச்சு மாதத்தில் மூடப்பட்டு, 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறக்கப்பட்டன. ஏறக்குறைய பத்தொன்பது மாதம்! அக்காலம் முழுவதும் 'பள்ளி நேரம்' என்பது எது? பள்ளி நேரமே இல்லாதபோது, நாள் முழுவதும் பள்ளி நேரம் முடிந்த பின்னர்தானே? சட்டம் வைத்த சிறு சாளரம் வீதிக் கதவாகிவிட்டது.

மின்சாரமும் பெட்டியும் உள்ள நகரத்திலேயே இக்கதி என்றால், மலையில் எப்படி இருந்திருக்கும்? போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறிச் செல்வோர், சாமை விளையும் சரிவுகளுக்கிடையே சிறு சிறு குடியிருப்புகள் சிதறிக் கிடப்பதைக் காண்பார்கள். அங்குள்ள குழந்தைகளுக்காகப் பழங்குடியினர் நலத்துறை உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்தி வருகிறது. பள்ளி மூடினால் அப்பிள்ளைகளுக்குப் பாடம் மட்டுமா நின்றது? சோறும் நின்றது. இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானோக்கு நிலையம் இருக்கிறது. 2.3 மீட்டர் விட்டமுள்ள அதன் தொலைநோக்கி 1986 முதல் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து வருகிறது. கோடி கோடி மைலுக்கப்பால் உள்ள ஒளியைப் பிடிக்கும் மலைக்கு, ஒரு பாடம் வந்து சேர்வதா பெரிது?

பெரிதல்ல என்பதை நமது தேசம் ஐம்பது வருஷங்களுக்கு முன்பே நிரூபித்துக் காட்டியிருக்கிறது. விக்ரம் சாராபாய் கண்ட கனவின்படி, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளை ஒரு வருஷத்திற்கு இரவலாகப் பெற்று, 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை 'சைட்' என்னும் பரீட்சை நடத்தப்பட்டது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிஸ்ஸா, பீஹார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்களில் கம்பி வலையால் ஆன குடை போன்ற ஏரியல்கள் நிறுத்தப்பட்டன. பெட்டிகள் ஹைதராபாத்தில் நமது சர்க்கார் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டவை. மின்சாரம் எட்டாத சில கிராமங்களில் பாட்டரியால் இயக்கினார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி. மாலையில் பெரியவர்களுக்கு விவசாயம், சுகாதாரம். விடுமுறைக் காலங்களில் பல்லாயிரம் ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்களுக்கு விஞ்ஞானம் போதிக்கும் பயிற்சியும் இதன் மூலம் அளிக்கப்பட்டது. அந்த ஆறு ராஜ்யங்களில் தமிழ்நாடு இல்லை. 1975 ஆகஸ்டு 15-ந் தேதி சென்னையில் டெலிவிஷன் நிலையம் திறந்ததோடு நாம் திருப்தியடைந்தோம்.

பலன் என்ன? பள்ளியில் சேரும் பிள்ளைகளின் தொகை திடீரென்று பெருகிவிடவில்லை. ஆனால் குழந்தைகளின் மொழித் திறனும், அறியும் ஆவலும் வளர்ந்ததாகப் பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். எழுத்தறியாப் பெரியோரும் பல புதிய விஷயங்களைக் கற்றனர். இவ்வளவும் நடந்தபின், குறித்த தேதியில் இரவல் செயற்கைக்கோள் திரும்பிப் போயிற்று. நமக்கென்று ஒரு செயற்கைக்கோள், இன்ஸாட்-1பி, நிலையாக வேலை செய்யத் தொடங்கியது 1983-ல். ஏழு வருஷ இடைவெளியில் ஒரு குழந்தை ஆரம்பப் பள்ளியையே முடித்துவிடும். விருந்தாளி வந்து போனான். வீட்டில் அடுப்பு மூட்ட மறந்தோம்.

மறதி அத்துடன் நிற்கவில்லை. 2004 செப்டம்பர் 20-ந் தேதி, கல்விக்கென்றே 'எடுஸாட்' என்னும் செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினோம். தேசம் பெருமை கொண்டது. பிற்பாடு 2013-ல் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, திட்டமிடுவதிலும் பாடங்கள் தயாரிப்பதிலும் நிர்வாகத்திலும் இருந்த குறைகளை எடுத்துக் காட்டியது. ஆகாயத்திற்கு யந்திரத்தை ஏற்றிவிட்டோம். பூமியில் உள்ள மனிதர்களின் ஏற்பாடுதான் பழுதுபட்டது. இதை மறவாதிருப்பது நலம்.

பிற தேசங்களின் அனுபவமும் இதையே சொல்லுகிறது. ஆப்பிரிக்காவிலுள்ள நைஜர் மிக வறிய நாடு; பெரும்பாலும் பாலைவனம். அங்கே 1964-ல் டெலிவிஷன் வகுப்புகள் ஆரம்பமாயின. 1968-லேயே சூரிய வெளிச்சத்தால் இயங்கும் பெட்டி ஒன்றைப் பள்ளியில் வைத்துப் பார்த்தார்கள். அதே 1964-ல் பசிபிக் கடலிலுள்ள அமெரிக்க ஸமோவாவில், பாடத்தையே டெலிவிஷன் நடத்தட்டும், உபாத்தியாயர் பக்கத்தில் நின்றால் போதும் என்று ஒரு பெருந்திட்டம் வகுத்தார்கள். பணத்திற்குக் குறைவில்லை. ஆயினும் பத்து வருஷத்திற்குள் மேல்வகுப்பு மாணவர்களும் உபாத்தியாயர்களும் சலித்துப் போனார்கள். மாறாக, மெக்ஸிகோவில் 1968-ல் தொடங்கிய 'டெலிசெகுந்தாரியா' என்னும் கிராமப் பள்ளித் திட்டத்தில் பெட்டி ஒன்று, புத்தகம் ஒன்று, உபாத்தியாயர் ஒருவர் என மூன்றும் சேர்ந்தே இருந்தன. அது இன்றளவும் நடக்கிறது. நெசவாளருக்குத் தெரிந்த உண்மைதான் இது: பாவு மட்டும் துணியாகாது, ஊடும் வேண்டும், இரண்டையும் சேர்க்க ஒரு கையும் வேண்டும்.

"மின்சாரந்தான் எல்லாக் கிராமங்களுக்கும் வந்துவிட்டதே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. 2018 ஏப்ரல் 28-ந் தேதி தேசத்தின் கடைசிக் கிராமத்திற்கும் மின்சாரம் கிடைத்துவிட்டதாகச் சர்க்கார் அறிவித்தது உண்மையே. ஆனால் சர்க்காரின் வியாக்கியானப்படி, பொது இடங்களுக்கு இணைப்பும், நூறு வீடுகளில் பத்து வீடுகளுக்கு விளக்கும் இருந்தால் அது மின்சாரம் பெற்ற கிராமம். வீடுகளுக்கெல்லாம் இணைப்புத் தரும் திட்டங்களும் வேறாக நடந்தன, மறுக்கவில்லை. எனினும் கம்பி வந்து சேர்வது வேறு, கம்பியில் மின்சாரம் வந்துகொண்டிருப்பது வேறு. பருவக் காற்றில் ஒரு மரம் சாய்ந்தால் மலைவாசிகள் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை மலைவாசிகளே அறிவார்கள்.

இதைவிட வியப்பான ஒரு விஷயத்தை, சட்டம் படித்தவர்கள் என்ற முறையில், வாசகர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில், ஒரு பள்ளிக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறது. வகுப்பறை உண்டு. குடிநீர் உண்டு. கழிப்பிடம் உண்டு. சமையற்கூடம் உண்டு. விளையாட்டு மைதானம், மதில் அல்லது வேலி, நூல் நிலையம் எல்லாம் உண்டு. மின்சாரம் என்ற சொல் இல்லை! மதிலோ வேலியோ இல்லாத பள்ளி சட்ட விரோதம். மின்சாரம் இல்லாத பள்ளி சட்டப்படி சரியான பள்ளி. இந்த அட்டவணையைத் திருத்தினாலன்றி, மற்றக் காரியங்கள் அதிகாரிகளின் தயவில்தான் நடக்கும்.

செய்யக்கூடியது என்ன? பெரிய செலவான காரியம் ஒன்றுமில்லை. இன்றைய முப்பத்திரண்டு அங்குல டெலிவிஷன் பெட்டிக்குச் சுமார் 50 வாட் மின்சாரம் போதும். செயற்கைக்கோள் ஒளிபரப்பை வாங்கித் தரும் கருவிக்குப் பத்து வாட். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஓடினாலும் 240 வாட்-மணிதான். கூரை மேல் 150 வாட் சூரியத் தகடு ஒன்று, மலை வெயிலிலேயே இதைப் போல் இரு மடங்கு கொடுக்கும். 12 வோல்ட்டு, 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றிருந்தால், அதைப் பாதியளவே செலவிட்டாலும் மழை மூட்டமான இரண்டு நாளைக்குத் தாங்கும். மாதச் சந்தா இல்லாமல் ஒளிபரப்பை வாங்கத் தூர்தர்ஷனின் இலவச டிஷ் இருக்கிறது. 2019 ஆகஸ்டு 26-ந் தேதி தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி தமிழில் பாடங்களைத் தயாரித்து வைத்திருக்கிறது. பாடங்களைப் பதிவு செய்து பள்ளியிலேயே வைத்துக்கொண்டால், ஆரணி நெசவாளர் சொன்ன குறையும் தீரும். வகுப்பு ஆயத்தமாகும் நேரத்தில் பாடம் நடக்கும்.

ஆனால் சாமான்களை இறக்கிவிட்டுப் போட்டோப் பிடித்துக்கொண்டு திரும்புவதால் பயனில்லை. பாட்டரிக்குச் சில வருஷந்தான் ஆயுள். அது செத்த அன்று மாற்றித் தரும் பணம் முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும். மலையிலேயே பிறந்த வாலிபர்கள் சிலருக்குப் பழுது பார்க்கும் தொழிலைக் கற்றுக் கொடுக்க வேண்டும். உபாத்தியாயரைக் குறைப்பதற்கு இது சாக்காகி விடக் கூடாது. பாடமும் அக்குழந்தைகள் அறிந்த உலகத்திலிருந்து தொடங்க வேண்டும். குஜராத்தில் கேடா ஜில்லாவில், பீஜ் என்ற ஊரில் நிறுவிய சிறு ஒளிபரப்பு நிலையம் 1975 முதல் கிராமத்தாரின் பேச்சிலேயே, அவர்கள் பிரச்னைகளையே காட்டியது. 1984-ல் யுனெஸ்கோவின் பரிசையும் பெற்றது. சாமை வயலும் தேனடையும் திரையில் வந்தால் ஜவ்வாது மலைக் குழந்தை தன் ஊரும் படிப்புக்குரியதே என்று தலைநிமிர்ந்து உட்காரும். தறியின் ஜக்கார்டு அட்டையிலுள்ள துளைகள் பூவாக மாறும் கணக்கைக் காட்டினால், ஆரணிக் குழந்தை தன் தகப்பனாரைப் புதிய கண்ணோடு பார்க்கும்.

பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்து வருஷத்திற்குள் கல்வி அளிக்க முயல்வோம் என்று 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம் கூறிற்று. அந்தப் பத்து வருஷம் 1960-ல் முடிந்தது. அது உரிமையாக எழுதப்பட்டதே 2002-ல்தான். வாக்குறுதிக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே எத்தனையோ பிள்ளைகள் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார்கள்.

பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள நமது வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுந்து நின்று கேளுங்கள். நம் பள்ளியில் இன்று மின்சாரம் இருக்கிறதா? பாடம் காட்டும் பெட்டி இருந்தால், அது கடைசியாக ஓடியது என்றைக்கு? பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். சட்டசபை அங்கத்தினரிடமும் பார்லிமெண்டு அங்கத்தினரிடமும் அந்த அட்டவணையைத் திருத்தும்படி கேளுங்கள். ஆரணியில் நாம் பார்த்த இளைஞன் திரும்பப் பள்ளிக்குப் போகப் போவதில்லை. அவன் நெய்யும் சேலை அழகாகத்தான் இருந்தது. அவன் தங்கை இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் படிப்பு நில்லாதிருக்கச் செய்வது நம் கையில் இருக்கிறது.