குழம்பு மிளகாய்த்தூளும் கணினியின் பாஸ்வேர்டும்

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மீன் குழம்புக்குக் கடைத்தூள் வாங்காத வீடுகள் இன்றும் உண்டு. மிளகாய், தனியா, மிளகு எல்லாம் மொட்டைமாடியில் காயும். பிறகு மெஷினில் கொடுத்து அரைப்பார்கள். வண்டு வராமலிருக்க ஒரு பிடி கல் உப்பும் சேரும். அரைத்த தூளை மறுபடி மிளகாயாக்க யாராலும் முடியாது. கணினி நம் பாஸ்வேர்டைச் சேமிப்பதும் இப்படித்தான். நாம் தட்டிய எழுத்துகளை அது வைத்துக்கொள்வதில்லை. அரைத்த தூளை மட்டுமே வைத்துக்கொள்கிறது.

அப்புறம் நம்மை எப்படி அடையாளம் காணும்? அடுத்த முறை நாம் தட்டுவதை அதே முறையில் அரைத்து, டப்பாவில் இருப்பதோடு ஒப்பிடும். இம்மி பிசகக் கூடாது. அதற்காக டப்பாவின் மூடியிலேயே எந்த அரவை, எந்த உப்பு என்று எழுதியிருக்கும். உப்பு, அதாவது பாஸ்வேர்டோடு கணினி சேர்த்து அரைக்கும் சில எழுத்துகள், ஆளுக்கு ஆள் வேறு. இருவர் ஒரே பாஸ்வேர்டை வைத்தாலும் தூள் ஒன்றாக இருக்காது.

1979இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பின் அரவை முதல் எட்டு எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஒதுக்கிவிட்டது. பின்னாளில் வந்த எஸ்எச்ஏ-512 முறை வழக்கமாக 5,000 சுற்று அரைக்கும். மூடியில் அதன் குறி 6. 2021 ஆகஸ்டில் வெளியான டெபியன் 11 இயங்குதளம், புது பாஸ்வேர்டுகளுக்கு யெஸ்கிரிப்ட் முறையை வைத்தது. குறி, ஒய் எழுத்து. இந்த முறைக்குப் பெரிய உரல் வேண்டும், அதாவது நிறைய நினைவகம். டப்பாக்கள் அடங்கிய கோப்பைத் திருடி வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் ஆயிரம் பாஸ்வேர்டுகளை ஊகித்து அரைத்துப் பார்ப்பவன் ஆயிரம் உரலுக்கு எங்கே போவான்?

டெபியன் நமக்கு அந்நியமல்ல. மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் அதன்மேல் கட்டியதுதான். தமிழக அரசு மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இருந்தது.

எண்ணூர் சாலையில் சரக்குப் பெட்டக அலுவலகம் ஒன்று, தன் கணினிகளில் ஒன்றை மட்டும் டெபியன் 10இலிருந்து 11க்கு உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பாஸ்வேர்ட் வேலை செய்யும்; புது டெபியனுக்குப் பழைய அரவையும் தெரியும். அடுத்த வாரம் கணக்கர் பாஸ்வேர்டை மாற்றுகிறார். ஒய் குறியோடு புது டப்பா. நிர்வாகி, டப்பாக்கள் எல்லாம் இருக்கும் ஷேடோ கோப்பை டெபியன் 10 கணினிக்கு நகலெடுத்துவிட்டால், கணக்கரால் அங்கே நுழைய முடியாது. அவர் தட்டுவது சரிதான். அந்த அரவைதான் பழைய கணினிக்குத் தெரியாது. ஆனால் திரை, பாஸ்வேர்ட் தவறு என்றே சொல்லும். பாவம், மனிதர் தன் ஞாபகத்தையே சந்தேகிப்பார். டெபியன் 11இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. உயர்த்தும் முன் அதைப் படித்துவிட வேண்டும்.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. இயங்குதளத்தை உயர்த்தினால் பாஸ்வேர்டும் தானாகப் பலப்பட்டுவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடக்காது. கணினியிடம் உங்கள் மிளகாய் இல்லை. கையிலுள்ள தூளைப் புது முறைத் தூளாக மாற்ற அதற்கு வழியும் இல்லை. நீங்களே மறுபடி பாஸ்வேர்ட் வைக்கும்வரை பழைய தூள்தான் கிடக்கும்.

பழைய கணினி ஒன்று அதே கோப்பைப் பகிர்ந்துகொண்டிருந்தால், புதியதன் பாஸ்வேர்ட் அமைப்பில் யெஸ்கிரிப்டை எடுத்துவிட்டு எஸ்எச்ஏ-512 என்று வையுங்கள். எல்லாக் கணினிகளையும் உயர்த்தி முடித்த பிறகு மறுபடி யெஸ்கிரிப்டுக்கு மாற்றி, அலுவலகத்தில் உள்ள ஒவ்வொருவரையும் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள்.