நிற்கையில் குறையும் பிராணவாயு

மூச்சுத் திணறல் கண்டவருக்குப் படுக்கை கொள்ளாது. எழுந்து உட்கார்ந்தால்தான் ஆறுதல் கிட்டும். நாம் பொதுவாகக் காண்பது இதுவே. இதற்கு நேர்மாறான நோயொன்றும் உண்டு. படுத்திருக்கும் வரை நோயாளி நலமாயிருப்பார். அமர்ந்தாலோ நின்றாலோ மூச்சு முட்டும். குருதியில் பிராணவாயு குறையும். மீண்டும் படுத்தால் சீராகும். மருத்துவ ஏடுகளில் 1949இல் விவரிக்கப்பட்ட இவ்வரிய நிலைக்குப் 'பிளாட்டிப்னியா ஆர்த்தோடியாக்சியா' என்று பெயர்.

இதன் காரணம் குருதி செல்லும் பாதையில் இருக்கிறது. இதயத்தின் கீழறைகளைப் பிரிக்கும் சுவரில் நுண்துளைகள் உள்ளன, அவற்றின் வழியே குருதி இடப்புறம் செல்கிறது என்றார் கேலன். அக்கருத்தை மறுத்து, குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று 1242இல் எழுதியவர் இப்னுந் நஃபீஸ். இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு அவர் வரைந்த உரையை 1924இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவீ ஆராய்ந்து வெளிக்கொணர்ந்தார்.

கீழறைச் சுவரில் வழியில்லை. எனினும், மேலறைச் சுவரில் கருவிலிருக்கும் சிசுவுக்கு ஒரு வழி உண்டு. தாயிடமிருந்து பிராணவாயு பெறும் சிசுவுக்கு நுரையீரலின் பணி தேவைப்படுவதில்லை. பிறந்தபின் அவ்வழி மூடிக்கொள்ளும். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அது முழுதும் ஒட்டுவதில்லை. ஆயினும் பெரும்பாலோர்க்கு அதனால் தீங்கில்லை. முதுமையில் பெருந்தமனி விரிந்தாலோ, முதுகெலும்பு வளைந்தாலோ, ஒரு நுரையீரல் அகற்றப்பட்டாலோ அச்சுவரின் நிலை மாறிவிடலாம். அப்போது நிற்கையில், உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் குருதி அவ்வழியை நோக்கிப் பாய்ந்து, நுரையீரலைத் தொடாமலே இடப்புறம் கலந்துவிடுகிறது.

கல்லீரல் நோயால் நுரையீரலின் அடிப்பகுதியில் குருதிக் குழாய்கள் விரிந்தவர்களுக்கும், நிற்கையில் குருதி அங்கு மிகுதியாக இறங்குவதால் இந்நிலை நேரும். 2020 முதல் கொரோனா நுரையீரல் அழற்சிக்கு ஆளானோர் சிலரிடமும் இது காணப்பட்டது.

படுக்கையில் மட்டும் அளந்தால் இந்நோய் மறைந்தே கிடக்கும். விரலில் பொருத்தும் ஆக்சிமீட்டரால் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளக்க வேண்டும். நிற்கையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் இந்நோயென ஐயுறலாம். நுண்குமிழிகள் கலந்த உப்புநீரை நரம்பில் செலுத்தி, எக்கோ கருவியில் அவை இதயத்தின் இடப்புறம் எத்தனை துடிப்புகளில் தோன்றுகின்றன என்று பார்த்தால், வழி இதயத்திலா நுரையீரலிலா என்பது தெளிவாகும். இதயத்திலுள்ள வழியை, தொடை நரம்பு வழியே குழாய் செலுத்தி, அறுவையின்றியே அடைத்துவிடலாம்.

நம் சமுதாயத்தில் இந்நோயாளி வேறொரு துன்பத்துக்கும் ஆளாகலாம். 'படுக்கையில் நன்றாகத்தானே இருக்கிறார். தொழுகைக்கு எழுந்தால் மட்டும் என்ன வந்தது?' என்ற பேச்சு எழக்கூடும். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கூறியதை இமாம் புகாரீ பதிவு செய்துள்ளார்கள். நிற்க முடியாதவருக்கு நாம் நாற்காலி போட்டுக் கொடுக்கிறோம். அமர்ந்தாலும் மூச்சு முட்டும் இவருக்கு அது தீர்வாகாது. மூன்றாவது படியே இவருக்குரியது. சலுகையைப் பயன்படுத்துபவரைச் சோம்பேறி என எண்ணுவது பிழை. சலுகை கிடைத்ததென்று மருத்துவத்தை நாடாதிருப்பதும் பிழையே.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.