307-வது மணி

ஆபரேஷனுக்கு முன் சிலருக்கு ஓர் ஊசி போடுவார்கள். மருந்தின் பெயர் சக்சினைல்கோலின். தசைகள் தளரும், மூச்சும் நின்றுவிடும்! அதுவரை டாக்டர்களே மூச்சுக் கொடுப்பார்கள். சில நிமிடங்களில் மூச்சு தானாகத் திரும்பும்.

காரணம், ரத்தத்தில் உள்ள பியூட்டிரில்கோலின் எஸ்டரேஸ் என்ற நொதி. கல்லீரலில் உண்டாகும் இது, அந்த மருந்தைச் சிதைத்துவிடும்.

ஆனால் சிலருக்கு மணிக்கணக்காகியும் மூச்சு திரும்புவதில்லை. ஏன்?

மணிமாலை

இந்த நொதி ஒரு மாலை. 574 அமினோ அமிலங்களே அதன் மணிகள். மாலை மடிந்து சுருண்டு, ஆழமான ஒரு பள்ளம் அமைகிறது. மருந்து அங்கேதான் உடைகிறது. 2003-ல் எக்ஸ்ரே கதிர்களால் இந்த உருவம் தெரிந்தது.

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தார், வெளிநாட்டு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, வைசிய சமூகத்தினர் சிலரை ஆராய்ந்தனர். 2006-ல் உண்மையை வெளியிட்டனர். 307-வது மணி மாறியிருந்தது! லூசின் இருக்கவேண்டிய இடத்தில் புரோலின். அந்த ஒரு மணியால் நொதி வேலை செய்யவில்லை.

முன்பே சொல்லுங்கள்

இது பரம்பரையாக வருவது. அன்றாட வாழ்வில் தொல்லை தராது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தெரிந்தால் டாக்டர் வேறு மருந்து கொடுப்பார்.

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷனின்போது மூச்சு திரும்பத் தாமதமானதுண்டா? அடுத்த ஆபரேஷனுக்கு முன், டாக்டரிடம் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.